தாய்மாமன் லிங்க் கேட்கலாமா

காரைக்குண்டில் யோசிக்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. அந்த ஊருக்கு நேர்ந்த கஷ்டங்களுக்கெல்லாம் அதுதான் காரணம்.

போடிக்கு மேற்கே, மலை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது ஊர். அங்கே சீனிச்சாமி, தவமணி, பொம்மையன், குருநாதன் என்று நான்கு அண்ணன் தம்பிகள் கடைவீதியில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார்கள். நல்ல மெத்தை. வாங்கிப் படுத்தவர்கள் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் படுத்தவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். ஊரில் எல்லாரும் ஒருமுறை வாங்கியாகிவிட்டது. கெட்டுப்போகாத மெத்தையைச் செய்தது தப்போ என்று தவமணி சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தான்.

கட்டடம் ஜக்கையாவுடையது. ஒருநாள் அவர் வந்து மெத்தை மேல் உட்கார்ந்து சொன்னார்:

"பரோட்டாக் கடைக்கு இடம் கேக்குறாங்கடா. ஈ ஓட்டுற கடைக்கு எதுக்கு வீதி மேல இடம்? இப்ப எவனும் தெருவுல கடை தேடுறதில்லையாம், செல்லுலதான் தேடுறானாம், மருமகன் சொல்றாரு. கார்த்திகை ஒண்ணாந்தேதி வருவேன். செல்லுல பஞ்சு மெத்தைன்னு தேடுவேன். ஒங்க கடை மொதல்ல வந்துச்சுன்னா இருங்க. வரலைன்னா காலி பண்ணிருங்க."

அன்று சாயங்காலமே பரோட்டா மாஸ்டர் வந்து, கல் போடும் இடத்தை அளந்து, தரையில் சுண்ணாம்பால் கோடு கிழித்துவிட்டுப் போனார். அண்ணன் தம்பிகள் அந்தக் கோட்டை மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். இன்னொருவர் இடத்தை மிதிப்பது மரியாதையில்லை.

கடைக்குட்டி குருநாதன் கம்ப்யூட்டர் படித்தவன். கடைக்கென்று இணையதளம் ஒன்று வைத்திருந்தான். தேடிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி மெத்தை வந்தது, தொட்டில் மெத்தை வந்தது, நாய் படுக்கும் மெத்தைகூட வந்தது. காரைக்குண்டு வரவில்லை. அதனால் மதுரையில் ஷைலஜா என்ற பெண்ணைப் பிடித்தார்கள். இணையதளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருவது அவள் வேலை. செல்போனை ஒரு தலையணை மேல் வைத்துவிட்டு நால்வரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"குறுக்கு வழியில போக வேண்டாம் சார்" என்றாள் ஷைலஜா. "காசு கொடுத்து லிங்க் வாங்கிக் குவிச்சா கொஞ்ச நாள் மேல வரும், அப்புறம் தேடல் கம்பெனிக்காரங்க மொத்தமாத் தூக்கிடுவாங்க. நிதானமா, இயல்பா வளரணும். திடீர்னு வளர்ந்தா சந்தேகப்படுவாங்க."

"லிங்க்குன்னா என்ன தாயி?" என்றார் மூத்தவர் சீனிச்சாமி.

"நாலு பேர் மதிக்கிற ஒருத்தர் தன்னோட தளத்துல உங்க கடைப் பேரைப் போடுவார். அதைத் தொட்டா நேரா உங்க தளத்துக்கு வந்துடும். அந்த மாதிரி நல்ல இடத்துலேருந்து லிங்க் வந்தா நீங்க முன்னுக்கு வருவீங்க. ஆனா முதல்ல உங்க தளத்துல படிக்க ஏதாவது இருக்கணும். உங்க பெருமையை எழுதாதீங்க. படிக்கிறவங்களுக்கு உபயோகமா எழுதுங்க."

போனை வைத்ததும் ஆலோசனை ஆரம்பமாயிற்று.

"படிக்கிறவனுக்கு எதுடா உபயோகம்?" என்றார் சீனிச்சாமி.

"மெத்தைண்ணே" என்றான் பொம்மையன்.

"அது நமக்குல்ல உபயோகம்? அவனுக்கு?"

தவமணி நெடுநேரம் யோசித்தான். "அவனுக்கு வேண்டியது தூக்கம். மெத்தை இல்லாமத் தூங்கத் தெரிஞ்சுட்டா அவனுக்குச் செலவும் இல்ல. அதைவிட உபயோகம் ஏது?"

குருநாதன் 'மெத்தை வாங்காமல் நிம்மதியாகத் தூங்குவது எப்படி' என்று எழுதினான். கூரை வரை மெத்தை அடுக்கியிருந்த கடையில், சிமெண்டுத் தரையில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டுப் பொம்மையன் படுத்துக் காட்ட, படம் எடுத்துப் போட்டார்கள். படமெடுத்து முடித்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. உண்மையிலேயே தூங்கிவிட்டான்.

கட்டுரையை ஏராளமானவர்கள் படித்தார்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒருவர், 'உங்களிடம் மெத்தை வாங்க இருந்தேன், தக்க சமயத்தில் காப்பாற்றினீர்கள்' என்று எழுதியிருந்தார். குருநாதன் அதைப் பிரிண்ட் எடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினான்.

அத்தனை பேர் படித்ததில் ஒருவர் மட்டும் கட்டுரையைத் தாண்டிக் கடையின் விலாசத்தையும் பார்த்துவிட்டார். கொடைக்கானலில் லாட்ஜ் மேனேஜர். போன் செய்து, லாட்ஜ் முழுவதற்கும் மெத்தை வேண்டும் என்றார்.

சீனிச்சாமி போனைக் கையால் பொத்திக்கொண்டார். "லாட்ஜ் முழுக்கக் கேக்குறாருடா."

"திடீர்னு வளரக் கூடாதுன்னு சொல்லிருக்குல்ல" என்றான் தவமணி.

"ஆமாண்ணே. சந்தேகப்படுவாங்க" என்றான் பொம்மையன்.

சீனிச்சாமி கையை எடுத்தார். "ஐயா, இப்ப ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க. தை மாசம் ஒண்ணு. அப்புறம் பங்குனியில பாப்போம்."

"லாட்ஜுல அம்பது பேர் தங்குறாங்க. ஒரு மெத்தையில எப்படிப் படுப்பாங்க?"

"அதுக்கு ஒரு கட்டுரை போட்டிருக்கோம், பாருங்க" என்றார் சீனிச்சாமி.

ஷைலஜாவிடம் இதையெல்லாம் பெருமையோடு சொன்னார்கள். அவள் லாட்ஜ் விஷயத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு அவள் சொன்னாள்: "சரி. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். மதுரையில இளம்பரிதின்னு எலும்பு டாக்டர் இருக்கார். முதுகுவலி பத்தி எழுதுவார், லட்சக்கணக்குல படிக்கிறாங்க. அவர்கிட்டேருந்து ஒரு லிங்க் வந்தா போதும். ஆனா எடுத்த எடுப்பில கேட்டுடாதீங்க. முதல்ல பழகுங்க. உறவை வளர்த்துக்கிட்டு அப்புறம் கேளுங்க."

உறவை வளர்ப்பது காரைக்குண்டுக்காரர்களுக்குத் தெரியாத வேலை இல்லை. வாடகை வேன் பிடித்தார்கள். தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, ஒரு சீப்பு மலைவாழை தனியாக. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்காமல் டாக்டரைப் பார்க்க முடியாது என்றார்கள். நால்வரும் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"யாருக்கு வலி?" என்றார் டாக்டர்.

"வலி இல்லைங்க. பழக வந்திருக்கோம்" என்றார் சீனிச்சாமி, தட்டை நீட்டியபடி.

டாக்டர் நல்ல மனிதர். களைத்தும் போயிருந்தார். பழத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமும் வந்தார்கள். அவர் எழுதியதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்த பொம்மையன், வரிசையில் இருந்த நோயாளிகளுக்கு ஒப்பித்தான். அதில் இரண்டு பேர் டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனார்கள். டாக்டரின் மனைவி கோமதிக்கு இந்த நால்வரையும் பிடித்துப்போயிற்று. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மகளுக்குக் காது குத்த வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லையே என்று ஒருநாள் கண் கலங்கினாள்.

"நாங்க நாலு பேர் இருக்கோம்லம்மா" என்றார் சீனிச்சாமி.

அழகர்கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் சீர் தட்டுகள் மேளத்தோடு வந்தன. பட்டுப் பாவாடை, தோடு, பழம், இனிப்பு. குழந்தை சீனிச்சாமியின் மடியில் உட்கார்ந்து அலறியது; கூடவே அவரும் அழுதார். சாப்பாடு முடிந்து டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், எதையும் எதிர்பார்க்காம இவ்வளவும் செஞ்சிருக்கீங்க. என்னால ஏதாவது ஆகணும்னா சொல்லுங்க. கூச்சப்படாதீங்க."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் என்று சொல்லி மண்டபத்தின் தூணுக்குப் பின்னால் போனார்கள்.

"கேளுண்ணே" என்றான் குருநாதன். "இதுக்குத்தான வந்தோம்."

"வந்தப்ப வேத்தாளு. இப்பத் தாய்மாமன்" என்றார் சீனிச்சாமி. "சீர் செஞ்ச கை காயல. அதுக்குள்ள லிங்க் கேட்டா, அதுக்குத்தான் செஞ்சானான்னு தங்கச்சி நெனைக்காதா?"

"அதுக்குத்தானண்ணே செஞ்சோம்."

"நெனைக்க விடலாமாடா?"

திரும்பி வந்து, ஒன்றும் வேண்டாம் மாப்பிள்ளை என்றார். அப்படியென்றால் என்ன தொழில் செய்கிறீர்கள் என்றாவது சொல்லுங்கள் என்றார் டாக்டர். மெத்தை என்று சொன்னால் கேட்டதுபோல் ஆகிவிடும். "வெவசாயம்" என்றார் சீனிச்சாமி.

ஐப்பசி பிறந்தபோது டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் புதிய மாடி கட்டி முடித்திருந்தார். சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து லாரி நிறைய மெத்தை வந்து இறங்கியது. தங்கச்சி வீட்டு வேலை என்று நால்வரும் ஓடிப்போய் மெத்தைகளைத் தலையில் வைத்து மாடிக்குச் சுமந்தார்கள். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, அருமையான மெத்தை, இதையே எப்போதும் வாங்குங்கள் என்றார்கள். டாக்டர் அதைப் பற்றித் தன் தளத்தில் படத்தோடு எழுதினார். சென்னைக் கம்பெனிக்கு ஒரு லிங்க் கிடைத்தது.

ஷைலஜா போன் செய்தாள். "சார், அந்தப் படத்துல மெத்தைக்குக் கீழ இருக்கிறது நீங்கதானே?"

"ஆமா தாயி. கனமே இல்ல."

"கார்த்திகைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. நம்ம லிங்க்கைக் கேட்டீங்களா இல்லையா?"

"கேக்குற நெலமையெல்லாம் தாண்டிப் போச்சு. ஒறவு வளரட்டும்னு நீங்கதான சொன்னீங்க. வளந்துருச்சு. இனிமே எப்படிக் கேக்குறது?"

நால்வருக்கும் மெத்தைக் கடைதான் தொழில் என்று அவளே டாக்டருக்கு எழுதினாள். டாக்டர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அன்றே தன் தளத்தின் உச்சியில், 'என் மைத்துனர்களின் காரைக்குண்டு மெத்தை. வாங்க இங்கே தொடுங்கள்' என்று போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். ஐப்பசி முடிவதற்குள் காரைக்குண்டு நாய் மெத்தையைத் தாண்டியது, ஆஸ்பத்திரி மெத்தையைத் தாண்டியது, முதலில் வந்து நின்றது.

அண்ணன் தம்பிகள் கவலையில் ஆழ்ந்தார்கள்.

"கேக்காமலே மாப்பிள்ளை இவ்வளவு பெரிய சீர் செஞ்சுட்டாரு" என்றார் சீனிச்சாமி. "திருப்பிச் செய்யணும். ஒரு படி கூடவே செய்யணும்."

"அவரு ஒரு எடத்துலதான் லிங்க் போட்டிருக்காரு" என்றான் குருநாதன். "நம்ம தளத்துல எங்க தொட்டாலும் அவருகிட்டப் போற மாதிரி பண்ணிரட்டா?"

"மெத்தைப் படத்தத் தொட்டா?"

"அத எடுத்துட்டு மாப்பிள்ளை படத்தையே போட்டுருவோம்ணே."

"போன் நம்பரு, விலாசம்?"

"அந்த எடத்துலதான் தங்கச்சி படம்."

சீனிச்சாமிக்குத் திருப்தியாக இருந்தது.

கார்த்திகை ஒன்றாம் தேதி ஜக்கையா வந்தார். பின்னாலேயே பரோட்டா மாஸ்டர், தள்ளுவண்டியில் கல்லை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஜக்கையா மெத்தை மேல் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்போனில் தேடினார். காரைக்குண்டு முதலில் வந்தது.

"அட, வருதேடா" என்றார். தொட்டார். டாக்டர் சிரித்தார். டாக்டரைத் தொட்டார். டாக்டரின் தளம் வந்து, மெத்தை வாங்க இங்கே தொடுங்கள் என்றது. தொட்டார். கோமதி சிரித்தாள். கோமதியைத் தொட்டார். மறுபடியும் டாக்டர்.

டீ வந்தது. ஆறிப்போயிற்று. ஜக்கையா நிமிர்ந்தார்.

"ஏண்டா, பேரு மொதல்ல வருது. ஆனா கடை எங்கடா இருக்கு?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுதாங்க கடை" என்றார் பரோட்டா மாஸ்டர் வாசலிலிருந்து.

"நீ சும்மா இருப்பா. தெருவுல கடை தேடுற காலம் போச்சு. செல்லுல இருக்குற எடம் தெரியட்டும், அப்புறம் பேசிக்கலாம். எங்க இருக்குன்னே தெரியாத கடைய இருன்னு எப்படிச் சொல்றது? காலி பண்ணுன்னுதான் எப்படிச் சொல்றது?"

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. பொம்மையன், மதுரையில் மாப்பிள்ளையைக் கேட்டால் தெரியும், எல்லாரும் அவரிடம்தானே போகிறார்கள் என்றான். உடனே வேன் சொன்னார்கள். ஜக்கையாவும் ஏறிக்கொண்டார். கடையைத் தேடப் போகிற நேரத்தில் கடையைத் திறந்து போட்டுவிட்டுப் போவது சரியில்லை என்று சீனிச்சாமி பூட்டைப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, தொலைந்துவிடாமல் இருக்கச் சாவியைப் பரோட்டா மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.