நாச்சிமுத்துவின் மோதிரம்

திங்கட்கிழமை காலை காளியண்ணன் மடத்துக்கு வந்தபோது சாமி வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பழைய போர்வை.

மடம் என்று ஊர்தான் சொல்கிறது. வாய்க்கால் கரையில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை, அவ்வளவுதான். குருவுக்கு நாற்பத்தைந்து வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. ஏழு வருடமாகக் காளியண்ணன் திங்கட்கிழமை தவறாமல் வருகிறார். வாசல் கூட்டுகிறார், தண்ணீர் எடுத்து வைக்கிறார், கண்ணை மூடி உட்கார்கிறார். உட்கார்ந்தால் இன்னமும் முழங்கால் வலிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஞானத்துக்கு அவர் விஷயத்தில் ஒரு அவசரமும் இல்லை.

அன்றைக்கு அவர் துடைப்பத்தை எடுக்கவில்லை. வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, நான் பண்ணுனது தப்பா இல்லையான்னு நீங்கதான் சொல்லோணும்."

"சொல்லுங்க."

"நம்ம நாச்சிமுத்து தெரியுமுங்களே?"

சாமிக்குத் தெரியும். காளியண்ணனும் நாச்சிமுத்துவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒரே வருடத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நாச்சிமுத்துவின் மனைவி பழனாத்தா இறந்து மூன்று வருடமாகிறது. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிறு மத்தியானம் ஊர் மன்றத்தில் ஐந்து பேராக உட்கார்ந்து போக்கர் ஆடுவதுதான் அந்த மனிதருக்கு மிச்சம் இருக்கிற சந்தோஷம். அந்த ஆட்டத்தில் சீட்டு பாதி, நடிப்பு பாதி. கையில் ஒன்றுமே இல்லாதவன் பெரிதாக இருப்பதுபோலப் பந்தயத்தை ஏற்றுவான். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால் இவன் ஜெயித்தான்.

"நேத்து கடைசியில நாங்க ரெண்டு பேருதான் நின்னோம். அவன் கையில இருந்த பந்தய வில்லையெல்லாம் நடுவுல தள்ளிட்டான். எங்கிட்ட வெறும் ரெண்டு ஏழு. கவுத்திருக்கோணும். ஆனா அவன் கட்டைவிரலால மோதிரத்தைத் தேய்ச்சான்."

"தேய்ச்சா?"

"பொய்யின்னு அர்த்தமுங்க. காட்டுடான்னேன். கையில ஒண்ணுமே இல்லை. எல்லாரும் கை தட்டுனாங்க, அவனும் தட்டுனான். எப்படிறா கண்டுபுடிச்சேன்னான். சும்மா ஒரு ஊகந்தான்னு சொல்லிட்டேன்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"



"பழனாத்தா சொன்னது. ஆசுபத்திரியில படுத்திருந்தப்ப. டாக்டர் பயமில்லைன்னுட்டாரு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயிரலாம்னு இவன் அதுகிட்டச் சொல்லிட்டு மருந்து வாங்கப் போனான். அது சிரிச்சுது. 'அண்ணா, இந்த மனுசன் பொய் சொன்னா மோதிரத்தைத் தேய்ப்பாரு. பாத்துக்குங்க'ன்னுச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் அது இருக்கலை."

சாமி ஒரு மொச்சையை உரித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"ராத்திரி தூக்கமில்லீங்க. தெரிஞ்சே ஜெயிச்சா அது திருட்டு. தெரிஞ்சும் விட்டுக் குடுத்தா அவனுக்குப் பிச்சை போட்ட மாதிரி. மத்த மூணு பேருக்கும் அது துரோகம் வேற. சொல்லிப்போடலாம்னா, யாரு சொன்னான்னு கேப்பான். பழனாத்தான்னு எப்படிங்க சொல்றது? ஆட்டமே வேண்டாம்னு நின்னுட்டா அவனுக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இல்லாமப் போயிரும். அப்புறம் எப்படித்தான் ஆடறது?"

சொல்லி முடித்ததும் அவருக்கே அலுத்துப்போனது. ஒரு சிநேகிதனோடு சீட்டாட இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"சீட்டுக்கட்டு இருக்குதுங்களா?" என்றார் சாமி.

இருந்தது. மடத்துக்கு வரும் பையில் சீட்டுக்கட்டு எதற்கு என்று சாமி கேட்கவில்லை.

"போடுங்க. ஒரு மணி நேரம் ஆடுவோம்."

வில்லைக்குப் பதில் மொச்சை. ஆளுக்கு முப்பது எண்ணிக்கொண்டார்கள். சன்னியாசம் வாங்குவதற்கு முன்னால் சாமி ஆடியிருக்க வேண்டும், சீட்டைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. காளியண்ணன் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குருவானால் என்ன, ஆட்டம் என்று வந்துவிட்டால் ஆட்டம்தான்.

நாலாவது ஆட்டத்தில் சாமியின் அடையாளத்தைப் பிடித்துவிட்டார். நல்ல சீட்டு வந்தால் அவர் கண் சுருங்குகிறது. ஐந்தாவதில் கண் சுருங்கவில்லை, காளியண்ணன் துணிந்து ஏற்றி எட்டு மொச்சை ஜெயித்தார். ஆறாவதிலும் அப்படியே. மனசுக்குள் ஒரு குதியாட்டம். வந்த கவலை எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

கடைசி ஆட்டத்தில் காளியண்ணனுக்கு மூன்று ராஜா வந்தது. சாமி தன்னிடமிருந்த மொச்சையை எல்லாம் நடுவில் தள்ளினார். அவர் நிமிர்ந்து பார்த்தார். சாமியின் கண் இடுங்கிப் போயிருந்தது.

பெருமூச்சு விட்டு மூன்று ராஜாவையும் கவிழ்த்தார்.

சாமி தன் சீட்டை விரித்துக் காட்டினார். ஒன்றோடொன்று ஒட்டாத அஞ்சு உதிரிச் சீட்டு.

"கண்ணு சுருங்குச்சுங்களே சாமி!"

"வெளிச்சம் கூசுதுங்க. மூணு நாளாக் காய்ச்சல்."

காளியண்ணன் எழுந்து அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?"

"ஒரு மணி நேரமா என் மூஞ்சியைத்தானே பாத்துட்டு இருந்தீங்க."

அதில் கோபம் இல்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல். காளியண்ணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார். நொய்யரிசி தேடிக் கஞ்சி காய்ச்சினார், உப்பும் சீரகமும் போட்டு ஆற்றிக் கொண்டுவந்தார். ஏழு வருடத்தில் அவர் அந்த அடுப்பைப் பற்றவைத்தது அதுதான் முதல் தடவை.

சாமி இரண்டு மடக்குக் குடித்தார்.

"நேத்து மன்றத்துக்குப் போனதும் நாச்சிமுத்துகிட்ட என்ன பேசினீங்க?"

"எப்பவும் கேக்கறதுதானுங்க. சாப்ட்டியாடான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சாப்ட்டேன்னான்."

"அப்ப கையைப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கலீங்களே."

சாமி இன்னொரு மடக்குக் குடித்தார். குடிப்பதே அவருக்கு ஒரு வேலையாக இருந்தது.

"அந்த மோதிரம் அவருக்கு இறுக்கமா இருக்குதுங்களா?"

"அட, அதையேன் கேக்கறீங்க. பழனாத்தா இருந்தப்ப சோப்புப் போட்டாக்கூடக் கழட்ட முடியாது. இப்ப விரல்ல அதுபாட்டுக்குச் சுத்துது. அதனாலதான் தேய்ச்சா எனக்குப் பட்டுன்னு..."

காளியண்ணன் நிறுத்திக்கொண்டார்.

சாமி கஞ்சி டம்ளரைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார்.

"எப்படி ஆடறதுன்னு கேட்டீங்க. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்குதுங்க. இன்னிக்கு மத்தியானம் அவர் என்ன சாப்பிடுவாரு?"