மரங்கொத்தியின் எழுத்தும் கரடியின் விடுகதையும்

குளக்கரை மருதமரத்தில் ஒரு மரங்கொத்தி இருந்தது. மரப்பட்டையைக் கொத்தி எழுத்துகள் செய்வது அதன் வேலை. செய்து முடித்ததும் மரத்தடியில் குவித்துவிட்டு, "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்!" என்று குரல் கொடுக்கும். கூடவே நிபந்தனையும் சொல்லும். அதைக் காதில் வாங்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

கருப்பாயி என்ற கரடிக்கும் இல்லை. மழைக்காலம் முழுக்கக் குகையில் உட்கார்ந்து அவள் விடுகதைகள் யோசித்திருந்தாள். தேக்கிலையில் பிசின் தடவி, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் புத்தகமாக்கினாள். படிக்க வருபவர்கள் ஆளுக்கொரு தேனடை தரவேண்டும். அவள் குட்டிகளுக்கு அதுதான் சாப்பாடு.

ஒருநாள் நரி வந்து புத்தகத்தை முகர்ந்து பார்த்தது.

"அக்கா, இது யார் எழுத்து?"

"மரங்கொத்தி எழுத்து, தம்பி."

"அடடா, அது பொது எழுத்தாயிற்றே! பொது எழுத்து ஒட்டிய புத்தகமும் பொதுதானே? நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன். காட்டுக்குப் பொதுவாக நானே வைத்திருக்கிறேன்!"

புத்தகம் பறிபோய்விடுமே என்று பயந்த கருப்பாயி அத்தனை எழுத்தையும் பிய்த்துப் போட்டாள். தன் நகத்தாலேயே இலையில் கீறி எழுதினாள்.

படிக்க வந்த குரங்கு இலையை நேராகப் பிடித்தது. தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தது. "என்னக்கா இது! விடுகதையா, முதுகு சொறிந்த தடமா?" என்று தேனடையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

கருப்பாயி நடந்ததைச் சொல்லி அழுதாள்.

"எழுத்தைச் செய்தவரை விட்டுவிட்டு நரியிடமா சட்டம் கேட்டாய்?" என்றது குரங்கு.

கருப்பாயி மருதமரத்துக்கு ஓடினாள். அங்கே நரி கடையே விரித்திருந்தது! மரங்கொத்தியின் எழுத்துகளில் வால்போல் நீண்ட கோட்டை மட்டும் கடித்துத் துப்பிவிட்டு, "நரி எழுத்து! நண்டு கொடுத்தால்தான் எழுத்து! சும்மா தொடக்கூடாது!" என்று கூவிக்கொண்டிருந்தது.

"மரங்கொத்தி அண்ணே! உங்கள் எழுத்தை ஒட்டினால் என் புத்தகம் பொதுவாகிவிடுமா?"

மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது. "நான் கொடுத்தது எழுத்து. விடுகதை உன்னுடையது. என் எழுத்தை ஒட்டியதற்காக உன் புத்தகத்தை யாரும் கேட்க முடியாது. ஆனால் எழுத்தையே மாற்றிச் செய்தால், அதுவும் இந்தக் குவியலுக்குத்தான் வரவேண்டும். எழுத்தை மட்டும் தனியாக விற்கவும் கூடாது. இதைத்தானே தினமும் தொண்டை வறளக் கத்துகிறேன்!"

எழுத்து வாங்க வந்து நின்ற எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். நரி தன் கடையைப் பார்த்தது.

"அப்படியானால் தம்பி, என் புத்தகம் எனக்கு. உன் எழுத்துதான் எல்லோருக்கும். எவ்வளவு கச்சிதமாக மாற்றிச் சொல்லியிருக்கிறாய்!" என்ற கருப்பாயி, வால் போன எழுத்துகளை இரு கை நிறைய அள்ளினாள். "சும்மா சொல்லக்கூடாது, இது இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. உன் பல்லுக்கு இப்படி ஒரு திறமையா!"

புதுப் புத்தகத்தைப் படிக்க நீண்ட வரிசை நின்றது. கடைசியில் நரியும் நின்றது, கையில் தேனடையோடும் தேனீ கொட்டி வீங்கிய மூக்கோடும்.

பொதுவில் கிடைத்த கருவியால் நீ செய்தது உனக்கே சொந்தம். ஆனால் அந்தக் கருவியையே உனதென்று பூட்டி வைக்க நினைக்காதே.