காதுக்குக் களிமண் கொடுத்த நீர்நாய்

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்துக்குத் தம்மைத் தாமே சொந்தக்காரராக நியமித்துக்கொண்ட ஒரு நீர்நாயும் இருந்தார். பெயர் மாசிலாமணி. பள்ளத்தை உண்டாக்கியது மழை, நிரப்பியது ஓடை. ஆனாலும் "என் குளம்" என்று சொல்லும்போது அவருடைய மீசை தானாக நிமிர்ந்துகொள்ளும்.

காட்டில் குளங்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே எந்தக் குளத்துக்குக் கூட்டம் அதிகம் என்பதில்தான் போட்டி. மாசிலாமணியின் குளத்துக்கு மிளா மானும் முயலும் காட்டெருமையும் வரிசைகட்டி வந்தன. அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மீன் தின்னாமலே வயிறு நிறைந்துவிடும்.

அந்தக் கோடையில் அவருக்கு ஒரே ஒரு கவலை. யானைக் கூட்டம் எங்கே தங்கும்? யானைகள் தங்கும் குளம் பிழைத்துக்கொள்ளும். அவை சேற்றைக் காலால் கிளறித் தோண்டி ஊற்றைத் திறந்துவிடும். யானைகள் வராவிட்டால் ஆடி பிறப்பதற்குள் குளம் வெறும் கட்டாந்தரை. மாசிலாமணிக்கு வீடும் போய்விடும், மீனும் போய்விடும்.

"யானைங்க சும்மா வருமா அண்ணாச்சி? குளம் பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா?" என்று கேட்டபடி ஒருநாள் நத்தைகுத்தி நாரை வந்து இறங்கியது. அதன் அலகில் தூர தேசத்துச் சதுப்பிலிருந்து பிடுங்கிய தாமரைக் கொடி தொங்கியது. "இதை நட்டு வையுங்க. காசு பணம் எதுவும் வேண்டாம். நான் கரையோரமா நின்னு நாலு நத்தை பொறுக்கிக்கிடுதேன், அது போதும்!"

இனாமாகக் கிடைத்தால் விஷத்தையும் ருசி பார்க்கிற உலகம் இது. மாசிலாமணி மட்டும் விதிவிலக்கா? கொடியை அன்றே நட்டார். கொஞ்ச நாளில் குளம் முழுக்க இலை விரிந்தது. பூவும் பூத்தது. இலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. பூ மேலே இருக்கும்போது அடியில் எதற்குப் பார்ப்பது?

பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்த ஆட்காட்டிக் குருவி ஆவுடை. ஆபத்து என்றால் கத்துவதுதான் அவள் குலத்தொழில். பனையோலை விழுந்ததற்குக்கூட ஒருமுறை கத்தி, காட்டையே ஓட வைத்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. புலி வந்தபோது கத்தியதும் அவள்தான். ஆனால் ஓலை விழுந்த கதையைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

ஒரு மிளா தண்ணீர் குடிக்கக் குனிந்தது. "டிட்டி டூ! டிட்டி டூ! குடிக்காதே! அட்டை!" என்று ஆவுடை அலறினாள். மிளா துள்ளி ஓடியது. பின்னால் நின்ற வரிசையும் கலைந்து ஓடியது.

மாசிலாமணி தண்ணீரிலிருந்து பாய்ந்து வந்தார்.

"ஏட்டி ஆவுடை! உனக்கு என்ன கேடு வந்துச்சு? எங்கூட என்ன விரோதம் உனக்கு?"

"விரோதம் இல்லை அண்ணாச்சி. தாமரை இலைக்கு அடியில அட்டை முட்டை வச்சிருக்கு. குடிக்கிறவங்க மூக்குக்குள்ள குட்டி அட்டை ஏறிடும். வீடு வரைக்கும் கூடவே போகும்!"

"அப்படியா சங்கதி?" என்ற மாசிலாமணி குளத்தில் ஒரு முங்கு முங்கி எழுந்தார். மூக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "நல்லாப் பாரு! காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இதுலதான் கிடக்கேன். என் மூக்குல ஏதாவது இருக்கா? இல்லையே! அப்புறம் எங்கே இருக்கு உன் அட்டை?"

நீர்நாய் முங்கும்போது அதன் மூக்குத் துவாரம் இறுக மூடிக்கொள்ளும். இது மாசிலாமணிக்கும் தெரியும். தெரிந்ததையெல்லாம் நேரத்துக்கு யோசிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

"உங்க மூக்கு மூடிக்கிடும் அண்ணாச்சி. மிளா மூக்கு மூடுமா? ஒரே ஒரு இலையைத் திருப்பிப் பாருங்க. பார்த்துட்டு அப்புறம் என்னை ஏசுங்க!"

"இலையைத் திருப்பணுமாம்! யானை வர்ற நேரத்துல தாமரையைக் கலைக்கச் சொல்லுதா பாரு. பக்கத்துக் குளத்துக்காரன் உனக்குப் புழு வாங்கித் தந்தானோ?"

அடுத்த முயல் வந்ததும் ஆவுடை மறுபடியும் கத்தினாள்.

மாசிலாமணி இரவெல்லாம் மூளையைக் கசக்கினார். இலையைத் திருப்பிப் பார்க்க ஒரு கை போதும், ஒரு நிமிடம் போதும். அவ்வளவு சுலபமான வேலையைப் பெரிய மனிதர்கள் செய்வார்களா? விடிந்ததும் அவர் குளத்துக்கு வரும் பாதையில் களிமண் உருண்டைகளைக் குவித்து வைத்துவிட்டு, வந்தவர்களையெல்லாம் கும்பிட்டு வரவேற்றார்.

"வாங்க, வாங்க! உள்ளே ஒரு பறவை சும்மா கத்தும். அது வெறும் பொய்ச் சத்தம். ஆளுக்கு ரெண்டு உருண்டை எடுத்துக் காதுல அடைச்சுக்கிடுங்க. நிம்மதியாக் குடிக்கலாம்!"

கணினித் திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்தால், "அந்த வைரஸ் காவலை அணைத்துவிட்டு எங்கள் இணையப் பக்கத்துக்குள் வாருங்கள், ஒன்றும் ஆகாது" என்று வழி சொல்லித் தருகிற புண்ணியவான்கள் இன்று இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கெல்லாம் மாசிலாமணிதான் மூதாதை.

காட்டு விலங்குகளும் லேசுப்பட்டவை அல்ல. காதை அடைத்துக்கொள்ளச் சொன்னால் ஏன் என்று கேட்கவில்லை. "எவ்வளவு அக்கறையான நீர்நாய்!" என்று மெச்சிக்கொண்டே அடைத்துக்கொண்டன. ஆவுடை தொண்டை கிழியக் கத்தினாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

சில நாள் கழித்து மிளா தள்ளாடி வந்தது. அதன் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது.

"அண்ணாச்சி, மூக்குக்குள்ள என்னமோ நெளியுது!"

"வெயில் காலம் பாரு, உடம்புச் சூடு. தண்ணி நிறையக் குடிச்சாச் சரியாப் போயிடும். வா, நம்ம குளத்துலயே குடி!"

மிளா குடித்தது. மூக்கில் இருந்தது போதாதென்று இன்னும் இரண்டு ஏறின.

கடைசியில் அந்த நாள் வந்தது. பெரியநாயகி என்ற கிழட்டுப் பெண்யானை தன் கூட்டத்தை நடத்திக்கொண்டு மலையிலிருந்து இறங்கினாள். மாசிலாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யானைக் காதை அடைக்க வேண்டுமானால் பாதிக் கரையை வெட்டியெடுக்க வேண்டும்! அதற்கு நேரம் ஏது?

அவர் நேராக ஆவுடையின் கூட்டுக்குப் போனார். ஒரு காலைத் தூக்கி முட்டைகளுக்கு மேலே பிடித்தார்.

"யானைங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் உன் வாயிலேருந்து ஒரு சத்தம் வரக்கூடாது. வந்துச்சோ, இந்தக் கால் கீழே இறங்கிடும்!"

ஆவுடை முட்டைகளைப் பார்த்தாள். உள்ளே குஞ்சுகள் அசையத் தொடங்கியிருந்தன. அவள் அலகை மூடிக்கொண்டாள். பாவம், அவள் வேறென்ன செய்வாள்?

பெரியநாயகி கரையில் நின்று காதை விசிறினாள். "இங்கே ஒரு ஆட்காட்டி உண்டே? ஆளைக் கண்டாலே கத்துமே. இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?"

"கத்துறதுக்கு எதுவும் இல்லை அம்மா! அவ்வளவு சுத்தமான தண்ணி!" என்று மாசிலாமணி இருந்த இடத்திலிருந்தே இளித்தார். தூக்கிய காலை மட்டும் இறக்கவில்லை.

"ஆட்காட்டியே சும்மா இருக்குன்னா நம்பிக் குடிக்கலாம்" என்ற பெரியநாயகி, குட்டிகளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு முதலில் தும்பிக்கையை விட்டு உறிஞ்சினாள். தாமரை இலை அசைந்தது. குட்டி அட்டைகள் கூட்டமாக அந்த இருட்டுக் குகைக்குள் ஏறின. இவ்வளவு பெரிய மூக்கை அவை கனவிலும் கண்டதில்லை!

முதலில் ஒரு தும்மல் வந்தது. கரையிலிருந்த நாரை தலைகீழாக விழுந்தது. அடுத்து வந்தது ஒரு பிளிறல். பெரியநாயகி வலி தாங்காமல் தும்பிக்கையை இடதும் வலதும் அடித்தாள், குளத்துக்குள் சுழன்றாள். பயந்துபோன மற்ற யானைகள் கரையை ஏறி மிதித்தன. கரை உடைந்தது. தண்ணீர் மொத்தமும் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. மீன்களும் கூடவே ஓடின.

தும்மித் தும்மி அட்டைகளைக் கக்கிய பிறகுதான் பெரியநாயகிக்கு மூச்சு வந்தது. கூட்டத்தைத் திருப்பி அழைத்துக்கொண்டு அடுத்த குளத்தைத் தேடிப் போய்விட்டாள்.

நாரை சிறகை உதறிக்கொண்டது. "நான் வாரேன் அண்ணாச்சி! இன்னொரு குளத்துல தாமரை கேட்டிருக்காங்க" என்று பறந்தது.

மாசிலாமணி சேற்றில் நின்றார். குளம் இல்லை, கூட்டம் இல்லை, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கெண்டை கூட இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முட்டைகளின் மேல் நடுங்கியபடி உட்கார்ந்திருந்த ஆவுடையிடம் போனார்.

"ஏட்டி, இத்தனை நாளாத் தொண்டை கிழியக் கத்துனியே! யானை தும்பிக்கையை விடும்போது மட்டும் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தியே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்று கேட்டார்.

எச்சரிக்கை கேட்டதும் குறையைத் தேடாமல் சொன்னவர் வாயை அடைக்கப் போகிறவன், எல்லாம் அழிந்த பிறகும் அந்த வாயைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்பான்.