எத்தனை கூடை?

கரடிக்குச் சேராங்கொட்டை உடைக்கிற தொழில். ஓடையின் மேல்பக்கம் அதன் பட்டறை. கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்றால் காட்டில் எல்லோருக்கும் உயிர். ஆனால் ஓட்டில் கசியும் கறுப்புப் பால் பட்டால் தோல் வெந்துபோகும். அந்த ஓடுகளைக் கரடி தினமும் ஓடையில் கொட்டியது.

கீழ்ப்பக்கம் ஒரு தாய் நீர்நாய் இருந்தது. நாளெல்லாம் நீரிலேயே கிடக்கும் அதன் குட்டிக்கு உடம்பெல்லாம் கொப்புளம். "சொறிக்குட்டி, கிட்ட வராதே!" என்று மற்ற குட்டிகள் விரட்டின. பாவம், அது என்ன செய்யும்? மீன்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, தாய் மீனை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது.

ஒருநாள் மேல்பக்கம் பறந்த மைனா, கரடி ஓடு கொட்டுவதைப் பார்த்துவிட்டது. நேராக வந்து நீர்நாயிடம் சொன்னது. இரண்டும் காட்டு அதிகாரி நரியிடம் போயின.

"ஐயா, கரடி ஓடையில கொட்டுறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டது நீர்நாய்.

"தெரியாமலா? தினமும் வந்து சொல்லிட்டுத்தான் போகுது. விவரமெல்லாம் என் வளைக்குள்ள பத்திரமா இருக்கு!"

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வீணா பயப்படுவீங்க!"

"என் பிள்ளை வெந்து கிடக்கு! நான் பயப்படக் கூடாதாக்கும்!" நீர்நாய்க்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

மைனா கரடியிடம் பறந்தது. "அண்ணே, நரிகிட்ட சொல்றதை இனிமே காலையில தண்ணித் துறைக்கு வந்து சத்தமா சொல்லுங்க. தண்டனை கிண்டனை ஒண்ணும் கிடையாது!"

"அவ்வளவுதானே? சொல்லிட்டாப் போச்சு!" என்றது கரடி.

மறுநாள் எல்லோரும் தண்ணீர் குடிக்கும் நேரம். கரடி நெஞ்சை நிமிர்த்தியது. "நேத்து கொஞ்சம் ஓடு கொட்டினேன்!"

"கொஞ்சம்னா எத்தனை கூடை?" என்றது மைனா.

கரடி தலையைச் சொறிந்தது. அது எண்ணியதே இல்லை. நரியும் கேட்டதே இல்லை. அதிகாரி இருந்த லட்சணம் அப்படி!

அடுத்த நாள் கரடி எண்ணிக்கொண்டு வந்தது. "நாற்பது கூடை" என்றது.

யாரும் திட்டவில்லை. மான் தண்ணீரிலிருந்து வாயை எடுத்தது. கரடியின் மனைவியோ ஓடி வந்து, தன் குட்டியைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்துப் போட்டது. கரடிக்கு முகம் செத்துப்போனது.

அன்றைக்கே ஓடைக்கு எட்டாத மேட்டில் ஓடுகளைப் புதைக்க அது குழி தோண்டியது. மறுநாள், "இருபத்திரண்டு!" என்றது. "பருப்பும் வேணும், தண்ணியும் வேணும்" என்று முயல்களும் தோண்ட வந்தன. சில நாளில், "ஒன்பது!"

ஒரு காலை, துறைக்கு வந்து சேருமுன்பே கரடி கத்திக்கொண்டு ஓடி வந்தது. "ஒண்ணுமில்லை! நேத்து ஒரு ஓடுகூட விழலை!"

அதன்பின் ஒரு மழை பெய்து ஓடையைக் கழுவிவிட்டது. நீர்நாய்க்குட்டியின் தோலில் புது முடி முளைத்தது. அது முதலில் ஓடையில் குதித்தது. விரட்டிய குட்டிகளெல்லாம், "எங்களையும் சேர்த்துக்கோ!" என்று பின்னாலேயே குதித்தன.

எல்லோரும் குடிக்கிற நீரில் எதைக் கொட்டினாலும் அதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லவைக்க வேண்டும். அப்போதுதான் கொட்டுகிற கை கூசும்.