ஆந்தைக் காசும் ஒரு வெட்டும்

ஏதென்ஸ் சந்தையில் திபியஸ் என்றோர் அடிமை இருந்தான். வெள்ளிக் காசை உளியால் வெட்டி, உள்ளே செம்பு ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. தீர்ப்பு தவறினால் ஐம்பது சவுக்கடி. அந்தப் பயத்தில் அவன் ஒவ்வொரு காசையும் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். பார்த்தவர்கள் அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் எண்ணெய் வாங்க வந்த கப்பல் முதலாளி அர்கியாஸ், ஆந்தை பொறித்த புதுக் காசொன்றை அவன் முன் வீசினான்.

“டேய், நல்ல காசு என்று சொல். என் காசில் உளி பட்டால் உன் தோலை உரித்துவிடுவேன்.”

“வெட்டாமல் எப்படி ஐயா சொல்வது?”

“அது உன் பாடு.”

திபியஸ் தான் சேர்த்து வைத்திருந்த ஒரே காசை நீட்டினான். ஏற்கெனவே வெட்டுப்பட்டு, நல்ல வெள்ளி என்று தெரிந்த காசு அது.

“அப்படியானால் இதை எடுத்துக்கொண்டு, அதை எனக்குக் கொடுங்கள்.”

அர்கியாஸ் வெடுக்கென்று பிடுங்கி வாய்க்குள் அடக்கிக்கொண்டான். அந்த ஊரில் பலருக்கும் கன்னம்தான் பணப்பை.

“இப்போது இது என் காசுதானே?” என்று திபியஸ் உளியை வைத்து அடித்தான். முதல் அடி குறி தவறி மேசையில் விழுந்தது. இரண்டாவது அடியில் காசு பிளந்து செம்பு தெரிந்தது. சந்தையே சிரித்தது.

அர்கியாஸ் கத்துவதற்கு வாயைத் திறந்தான். திபியஸின் காசு மேசையில் வந்து விழுந்தது. பதற்றத்தில் துடைக்கக்கூடத் தோன்றாமல், திபியஸ் அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.