நாரை ஒளித்த வேட்டி

குளத்தங்கரையில் ஒரு நாரை துணி வெளுத்துப் பிழைத்து வந்தது. வேலையில் கெட்டிதான். ஆனால் வாய் அதைவிடக் கெட்டி.

ஒருநாள் காலையில் கீரி ஒரு வேட்டியோடு ஓடி வந்தது. “அண்ணே, நாளைக்கு விடியக்காலையில பையனுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வேட்டியில மஞ்சள் கொட்டிடுச்சு. இருக்கிறது இது ஒண்ணுதான்.”

“இதுக்கா இப்படி மூச்சு வாங்குறே? ஒரு பிடி ஆப்பசோடா போதும். மத்தியானம் வா. என் இறகா, உன் வேட்டியான்னு உனக்கே தெரியாது.”

கீரி போனதும் நாரை சோடாவை அள்ளி அப்பித் தேய்த்தது. மஞ்சள் போகவில்லை. இரத்தமாய்ச் சிவந்தது! தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது. யாரும் பார்ப்பதற்குள் வேட்டியைச் சுருட்டித் தாழம்புதருக்குள் திணித்தது.

மத்தியானம் கீரி வந்தது. “வேட்டி எங்கே அண்ணே?”

நாரை நிமிர்ந்து பார்க்கவில்லை. “கொடியில கிடந்துச்சு. குரங்கு வெத்தலை எச்சிலைத் துப்பி நாசம் பண்ணிடுச்சு. காட்டவே மனசு வரல.”

குரங்குதான் கல்யாணத்துக்கு மேளம் அடிக்க இருந்தது. கீரி நேரே போய், “உன் மேளமும் வேண்டாம், உன் சங்காத்தமும் வேண்டாம்” என்று கத்தியது. காடே வேடிக்கை பார்த்தது. குரங்கு ஒன்றும் புரியாமல் மேளத்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. தூரத்திலிருந்து அதைப் பார்த்த நாரைக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பொழுது சாயும்போது கீரியின் மனைவி தாழம்பூ பறிக்கப் போனாள். புதருக்குள் வேட்டி! முகர்ந்து பார்த்தாள். வெற்றிலை வாசமே இல்லை. வேட்டியோடு நேரே நாரையிடம் போனாள்.

“அண்ணே, மஞ்சள் மேல சோடா பட்டா சிவக்கத்தான் செய்யும். எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு வெயிலில போட்டா தன்னால வெளுக்கும். காலையிலேயே சொல்லியிருந்தா இந்நேரம் வெளுத்திருக்குமே. இப்போ வெயிலுக்கு எங்கே போவேன்?”

மறுநாள் மாப்பிள்ளை சிவப்புக் கறையைத் துண்டால் மறைத்துக்கொண்டு தாலி கட்டினான். அவமானப்பட்ட குரங்கு வரவில்லை, அதனால் மேளம் இல்லை. பந்தி நடுவில் நாரை எழுந்து, “குரங்கு மேல தப்பில்ல. நான்தான் பொய் சொன்னேன்” என்றது.

கல்யாணம் முடிந்ததும் வேட்டியை வாங்கி, எலுமிச்சை பிழிந்து வெயிலில் விரித்தது. சாயங்காலம் வேட்டி பளிச்சென்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு குரங்கின் மரத்தடிக்குப் போனது.

“மன்னிச்சிரு தம்பி. கறை போயிடுச்சு பாரு. பந்தியிலயும் உண்மையைச் சொல்லிட்டேன்.”

குரங்கு வேட்டியைத் தொடவில்லை. “பந்தியில இருந்தவங்க கேட்டாங்க. ஆனா நேத்து நீ சொன்ன பொய், பந்திக்கு வராதவங்க காது வரைக்கும் போயிடுச்சே. வேட்டியை வெயிலில போட்டே, வெளுத்துது. என் பேரை எந்தக் கொடியில காயப் போடுவே?”

துணியில் பட்ட கறையை எலுமிச்சையும் வெயிலும் போக்கிவிடும். தன் தவறை மறைக்க அடுத்தவர் மேல் பூசிய கறை லேசில் போகாது.