எருமையை எழுப்பிய கீரி

ஒரு காட்டில் சட்டப் பள்ளி ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்குச் சட்டப் பள்ளி என்று சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. சண்டை இருக்கிற இடத்தில் சட்டமும் வேண்டுமே! அங்கே தலைமை ஆசிரியர் கரடியார். காட்டு வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். ஆண்டுக்கு மூன்று பேரை மட்டுமே அவர் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்.

அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று ஒரு கீரிக்கு வெகு நாள் ஆசை. அதன் தோழி கிளிக்கும் அதே ஆசை. காட்டுச் சட்டத்தின் நூற்றுப் பத்துப் பிரிவுகளையும் கிளி மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும்.

விண்ணப்பம் போடும் மாதம் வந்தது. கிளி பறந்தோடி வந்தது.

"கிளம்புடி! ரெண்டு பேரும் போய்ப் பேரு குடுத்துட்டு வந்துடலாம்."

"இந்த வருஷம் நான் வரலை. குளத்துல வேலைக்கு ஆள் கேட்கிறாங்க. ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு அப்புறம் படிக்கிறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"வழக்குப் பேச ஆசையாத்தான் இருக்கு. ஆனா ஒரு சண்டையைக்கூட நான் பக்கத்துல நின்னு பார்த்ததில்லையே!"

"அடுத்த வருஷம் இடம் கிடைக்கலைன்னா என்ன பண்ணுவ?"

அதை நினைத்தால் கீரிக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் எடுத்த முடிவை அது மாற்றிக்கொள்ளவில்லை. கிளி பள்ளிக்குப் போனது. கீரி குளத்துக்குப் போனது.

அந்தக் குளத்தில் வரிசைப்படிதான் தண்ணீர் குடிக்க வேண்டும். உருவத்தில் பெரியவருக்கே முதல் உரிமை. அந்தப் பக்கம் யானைகள் இல்லாததால் முதலில் வருவது எருமை. வந்தது குடித்துவிட்டுச் சும்மா போகுமா? அப்படியே தண்ணீரில் படுத்துக்கொள்ளும். அதை எழுப்பி அனுப்புவதுதான் கீரியின் வேலை. கெஞ்சிப் பார்க்கும், காதருகே கத்திப் பார்க்கும், கடைசியில் வாலைப் பிடித்து இழுக்கும். எருமை எழுந்து போகும்போது குளம் முழுக்கச் சேறாகியிருக்கும். அதைத்தான் மானும் முயலும் குடிக்கும். பார்க்கப் பார்க்கக் கீரிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் வரிசையை மாற்ற, வேலைக்கு நிற்கும் கீரிக்கு ஏது அதிகாரம்?

ஓர் ஆண்டு ஓடியது. கீரி நேர்காணலுக்குப் போய்க் கரடியார் முன் நின்றது.

"உன் தோழி கிளியோட போன வருஷமே ஏன் வரலை?" என்றார் கரடியார்.

"குளத்துல வேலை பார்த்தேன், ஐயா."

"என்ன வேலை?"

"எருமையை எழுப்புற வேலை."

அங்கே உட்கார்ந்திருந்த மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிளியும் இறக்கையால் வாயை மூடிக்கொண்டது.

"ஒரு வருஷத்தை இப்படியா வீணாக்குவ?" என்று கரடியார் முகத்தைச் சுளித்தார்.

அந்த நேரம் வாசலில் ஒரே கூச்சல். ஒரு தாய் மானும் எருமையும் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்தன.

"ஐயா, சேத்துத் தண்ணியைக் குடிச்சு என் குட்டிக்கு மூணு நாளா வயித்துப்போக்கு. நாங்க முதல்ல குடிச்சுட்டுப் போகக் கூடாதா?" என்று மான் அழுதது.

"முதல் உரிமை என்னோடது. விட்டுத்தர மாட்டேன்!" என்றது எருமை.

கரடியார் கிளியைப் பார்த்தார்.

"பிரிவு பன்னிரண்டு! பெரியவருக்கே முதல் உரிமை! எருமை சொல்றதுதான் சரி!" என்று கிளி பளிச்சென்று ஒப்பித்தது. மான் தலையைத் தொங்கப்போட்டது.

"ஐயா, நான் எருமை அண்ணன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்கலாமா?" என்றது கீரி.

கரடியார் தலையசைத்தார்.

"அண்ணே, தினமும் நான் உங்களை எழுப்புறேனே, உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எரிச்சலா இருக்கு. அப்பதான் கண்ணு சொக்கும், அதுக்குள்ள வந்து வாலை இழுப்ப!"

"எதுக்கு இழுக்கிறேன்?"

"பின்னாடி வரிசை நிக்குதும்ப."

"பின்னாடி யாருமே நிக்கலைன்னா?"

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "யாருமே இல்லைன்னா... சாயங்காலம் வரைக்கும் படுத்திருக்கலாம்."

"அதுக்கு நீங்க கடைசியா வரணும், அண்ணே."

எருமை துள்ளிக் குதித்தது. "முதல் உரிமையை மானே வச்சுக்கட்டும்! கடைசி இடம் எனக்கு! வேற எவனும் அதுக்குப் போட்டிக்கு வரக் கூடாது, சொல்லிட்டேன்!"

மான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்டியிடம் ஓடியது.

கரடியார் கீரியை ஏற இறங்கப் பார்த்தார். "தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுக்கலாம்னு எந்தப் பிரிவு சொல்லுது?"

"தெரியாது, ஐயா," என்று கீரி நிமிர்ந்து நின்று சொன்னது. "அதைப் படிக்கத்தானே வந்திருக்கேன்!"

அந்த ஆண்டின் முதல் இடம் கீரிக்கே கிடைத்தது.

நீதி: நாலு பேரோடு பழகி வேலை செய்துவிட்டுப் படிக்க வருகிறவருக்கு, அந்தக் காலம் வீணாவதில்லை.